501ஆவது யூனிட்

தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பதற்றம் வந்துபோகும். ரீடிங் எடுக்க ஆள் வரும் நாள் நெருங்கினால், வீட்டில் யாராவது ஒருவர் மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்து, போன தடவை குறித்ததை மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பார்: “நானூத்தித் தொண்ணூறு ஆயிடுச்சு. அந்த ஏ.சி.யை அணைங்கப்பா!”

ஏன் இந்தப் பதைப்பு? 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 500 யூனிட்டோடு நின்ற வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,958. ஐந்நூறைத் தாண்டினால் புது யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பதோடு விஷயம் முடிவதில்லை. 101 முதல் 200 வரை 2.25 ரூபாயாக இருந்த விலையும் 4.50 ஆகிவிடுகிறது. ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏணியின் அமைப்பு மாறவில்லை.

மொட்டைமாடியில் நீல நிறத்தில் சாய்ந்து படுத்திருக்கும் சோலார் தகட்டின் பிறந்த கதையை இந்த 233 ரூபாயிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். ஏனென்றால், அந்தத் தகடு தன் வாழ்நாளில் பெரும்பகுதி மலிவான மின்சாரத்தோடு மோதி ஜெயித்ததே இல்லை. எங்கே கரண்டுக்கு அநியாய விலையோ அங்கே போய்ப் பிழைத்தது. அந்த இடம் தீர்ந்ததும், அதைவிடக் கொஞ்சம் விலை குறைந்த இன்னோர் இடத்துக்கு இறங்கி வந்தது. விண்வெளியில் ஆரம்பித்த அந்த இறக்கத்தின் கடைசிப் படிகளில் ஒன்றுதான் நம் வீட்டு 501ஆவது யூனிட்.

தங்கம் பூசிய முதல் தகடு

வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும் என்பது பழைய செய்தி. 1839இல் பாரிசில், அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் விளையாட்டுப்போலச் சோதனை செய்துகொண்டிருந்த எட்மண்ட் பெக்கரல் என்ற 19 வயதுப் பையன், அமிலக் கரைசலில் முக்கிய உலோகத் தகடுகளில் வெயில் விழும்போது மின்னோட்டம் கூடுவதைப் பார்த்தான். அவன் பார்த்ததை வைத்து யாருக்கும் ஒரு விளக்கும் எரியவில்லை. 1873இல் கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பியைச் சோதிக்கச் செலினியம் என்ற பொருளைப் பயன்படுத்திய ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி ஸ்மித்துக்கு ஒரு தலைவலி வந்தது. வெளிச்சத்தில் ஓர் அளவு, இருட்டில் ஓர் அளவு என்று செலினியம் நிலையில்லாமல் ஆடியது. மூன்றே ஆண்டுகளில் ஆடம்ஸ், டே என்ற இருவர், வெளிச்சம் பட்டால் செலினியம் தானாகவே மின்சாரம் தருகிறது என்று காட்டினார்கள்.

அதைக் கூரைக்கு ஏற்றியவர் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் ஃப்ரிட்ஸ். உலோகத் தகட்டில் செலினியத்தைப் பரப்பி, அதன்மேல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தங்கம் பூசினார். 1884இல் அவை ஒரு கூரையில் வரிசையாக உட்கார்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1882 செப்டம்பரில், அதே ஊரின் பேர்ல் தெருவில் எடிசன் நிலக்கரி எரித்து வீடுகளுக்குக் கம்பி வழியே மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரே நகரம், ஒன்று தெருவில் புகை விட்டது, இன்னொன்று கூரையில் சத்தமில்லாமல் வெயில் காய்ந்தது. ஃப்ரிட்ஸின் தகடு தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கியது. தங்கம் பூசி அவ்வளவுதான் கிடைக்கும் என்றால் யார் வாங்குவார்? எடிசனின் கம்பி ஊரெல்லாம் ஓடியது. கூரைத் தகடு எழுபது ஆண்டுகள் தூங்கப் போனது.

விரிசல் விழுந்த சிலிக்கான்

தகடு மறுபடி கண் விழித்தது ஒரு விரிசலால். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் ரேடியோவுக்காகச் சிலிக்கான் துண்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 1940 பிப்ரவரியில் அவர் கையில் கிடைத்த ஒரு துண்டின் நடுவே விரிசல். மேசை விளக்கு வெளிச்சம் பட்டதும் அந்தத் துண்டு ஏறக்குறைய அரை வோல்ட் மின்னழுத்தத்தைக் காட்டியது. உருக்கிய சிலிக்கான் ஆறும்போது அதிலிருந்த கலப்புப் பொருள்கள் சமமாகப் பரவாமல் ஒருபக்கம் ஒருவகை, மறுபக்கம் வேறுவகை என்று பிரிந்துவிட்டிருந்தன. அந்த எல்லையில்தான் வித்தை நடந்தது.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தரை மட்டமாக இருந்தால் தண்ணீர் அங்கங்கே தேங்கி நிற்கும். நடுவில் ஒரு சரிவு இருந்தால் மேலே விழும் ஒவ்வொரு துளியும் ஒரே பக்கமாக ஓடும். வெயில் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த எல்லைதான் சரிவு. எழுந்ததையெல்லாம் ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. கம்பி மாட்டினால் அதுவே மின்னோட்டம். இன்றும் மாடியில் இருக்கும் தகட்டின் ஒவ்வொரு கட்டமும் அதே அரை வோல்ட்டைச் சுற்றித்தான் தருகிறது. அதனால்தான் அத்தனை கட்டங்களைச் சரம் கோத்த மாதிரி வரிசையாகக் கோத்திருக்கிறார்கள்.

இந்தச் சரிவை வேண்டுமென்றே உண்டாக்கியவர்கள் அதே பெல் ஆய்வகத்தின் மூன்று பேர்: டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன். அவர்களுக்கு வந்த பிரச்சினை வீட்டு விளக்கு அல்ல. டெலிபோன். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த உலர் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின. ஐப்பசி மழையில் டார்ச் லைட்டுக்குள் பேட்டரி நீர்விட்டுக் கசிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேட்டரிக்கு மாற்றுத் தேடும் வேலை சாப்பினிடம் வந்தது. அவர் பழைய செலினியத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்க, பக்கத்தில் வேறு வேலையாகச் சிலிக்கானைத் தோண்டிக்கொண்டிருந்த பியர்சன், அதை விட்டுவிட்டு இதைப் பார் என்று நண்பனைத் திருப்பிவிட்டார். எந்தக் கலப்பை எவ்வளவு ஆழம் ஊட்டுவது என்ற கைப்பக்குவம் வேதியியலாளர் ஃபுல்லருடையது.

1954 ஏப்ரல் 25 அன்று அதைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட சிலிக்கான் பட்டைகள் ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவைத்தன. நூற்றுக்கு 6 பங்கு வெயில் மின்சாரமானது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது.

பிறகு சாப்பின் உட்கார்ந்து விலையைக் கணக்குப் போட்டார். 1956 நிலவரப்படி ஒரு வாட் தரும் செல்லின் விலை 286 டாலர். ஒரு சராசரி அமெரிக்க வீட்டை இதில் ஓட்ட வேண்டுமென்றால் 14,30,000 டாலர் ஆகும். ராட்டினம் சுற்றியது நிஜம். ஆனால் குழந்தை பிறந்த வீட்டிலேயே அதற்குச் சோறு போட வழியில்லை.

வீடு சேராத தகடு

பில்லே வராத ஓர் இடம் வானத்தில் இருந்தது. செயற்கைக்கோளுக்கு யாரும் கம்பி இழுக்க முடியாது. பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் போக முடியாது. அங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு என்ன விலை என்று கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த ஹான்ஸ் சீக்லர் இதைப் புரிந்துகொண்டு, சோலார் செல்லை வைத்தே ஆக வேண்டும் என்று விடாமல் மல்லுக்கு நின்றார். செயற்கைக்கோளைக் கட்டிய கடற்படையோ பேட்டரியைத்தான் நம்பியது. கடைசியில் இரண்டையும் வைப்பது என்று முடிவாயிற்று.

1958 மார்ச் 17 அன்று வான்கார்டு 1 மேலே போனது. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கம்மி, பம்பளிமாசு அளவு. பேட்டரியில் ஓடிய கருவி சில வாரங்களில் ஊமையானது. உடம்பில் ஒட்டியிருந்த ஆறு சோலார் செல்கள் ஓட்டிய கருவி 1964 வரை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பந்து இன்றும் பூமியைச் சுற்றுகிறது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. 1975இல் நாம் அனுப்பிய ஆர்யபட்டாவும் 26 முகம் கொண்ட உடம்பில் சோலார் செல்களைப் போர்த்திக்கொண்டுதான் போனது.

விண்வெளிக்கு அடுத்தபடியாகக் கரண்ட் எங்கே விலை அதிகம்? நடுக்கடலில். 1973இல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர் ஒரு சோலார் நிறுவனம் தொடங்கினார். அவர் செய்தது சிக்கனக் குடும்பத்தில் வளர்ந்தவர் செய்யும் வேலை. சிப் தயாரிக்கிறவர்கள் குறை என்று கழித்துப் போட்ட சிலிக்கான் வில்லைகளை வாங்கினார். பளபளப்பாக்கும் வேலையைத் தவிர்த்தார். விலை உயர்ந்த உறைகளை மாற்றினார். வாட்டுக்கு 100 டாலர் இருந்த விலை 20 டாலருக்கு இறங்கியது. முதலில் வரிசையில் நின்று வாங்கியவர்கள் எண்ணெய்க்காரர்கள். மெக்சிகோ வளைகுடாவில் ஆளில்லாத எண்ணெய் மேடைகளில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். அதற்கு வைத்த கனமான பேட்டரிகளை மாற்றப் படகும் ஆளும் அனுப்பும் செலவை நினைத்தால் வாட்டுக்கு 20 டாலர் கொள்ளை மலிவு. எண்ணெயைத் துரத்தப் போவதாக இன்று எல்லோரும் சொல்லும் தகட்டை, அது தத்தளித்த காலத்தில் சோறு போட்டு வளர்த்தது எண்ணெய்க் காசுதான்.

வேறொரு கிளை மேசைக்கு வந்தது. மளிகைக் கடைக் கல்லாப்பெட்டிமேல் கிடக்கும் கால்குலேட்டரின் நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்குமே, அதுதான். 1970களின் பின்பாதியிலிருந்து ஜப்பான் நிறுவனங்கள் அதைக் கோடிக்கணக்கில் விற்றன. பட்டன் பேட்டரியிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை யூனிட் கணக்கில் விலை பார்த்தால் தலை சுற்றும். அங்கேயும் அதே விதிதான். இந்தியாவில், டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்திலுள்ள பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் 1977இல் முதல் சோலார் செல்லையும், மறு ஆண்டு முதல் தகட்டையும் செய்தது. அதுவும் முதலில் கம்பி எட்டாத இடங்களுக்கே போனது.

1979இல் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சோலார் தகடுகளை வைத்தாரே என்று சிலர் கேட்கலாம். அவை வெந்நீர் காய்ச்சும் தகடுகள். மின்சாரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 1986இல், ரீகன் காலத்தில், கூரையைப் பழுதுபார்த்தபோது கழற்றியவை திரும்ப ஏறவில்லை.

மீட்டர் பின்னால் சுற்றியபோது

இதுவரை சொன்னது தகட்டின் பிறப்பு. வீட்டு சோலாருக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. அது நடந்தது மீட்டர் பெட்டிக்குள்.

பழைய மீட்டரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினிய வட்டத் தகடு, விளிம்பில் ஓர் அடையாளக் கோடு. மோட்டார் போட்டால் வேகமாகச் சுற்றும், எல்லாவற்றையும் அணைத்தால் அசையாமல் நிற்கும். சின்ன வயதில் அதன் முன்னால் நின்று சுற்றை எண்ணாதவர் யார்? அந்த வட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் தெருவிலிருந்து வீட்டுக்கு வந்தால் முன்னால் சுற்றும்; வீட்டிலிருந்து தெருவுக்குப் போனால் பின்னால் சுற்றும். வடிவமைத்தவர்கள் இதற்காக எதுவும் செய்யவில்லை. வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போகும் என்று அவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பகலில் வீட்டில் யாரும் இல்லை, மாடியில் வெயில் கொளுத்துகிறது, தகடு மின்சாரத்தைக் கொட்டுகிறது. அதை எங்கே வைப்பது? பேட்டரியில் என்றால் பேட்டரியின் விலை தகட்டின் விலையையே விழுங்கிவிடும். 1970களின் கடைசியில், மாசசூசெட்ஸ் கட்டிடக் கலைஞர் ஸ்டீவன் ஸ்ட்ராங் போன்றவர்கள் அதைத் தெருக்கம்பியிலேயே விட்டார்கள். பகலில் மீட்டர் பின்னால் ஓடும், ராத்திரி முன்னால் ஓடும், மாதக் கடைசியில் மிச்சத்துக்கு மட்டும் காசு. சிறு உற்பத்தியாளரிடம் மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று 1978இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1983இல் மின்னசோட்டா மாநிலம் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கூட்டிக் கழிக்கும் முறையையே சட்டமாக்கியது. நெட் மீட்டரிங் பிறந்தது இப்படித்தான். பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி கொடுத்து வைத்து, தேவைப்படும்போது திருப்பி வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான். இங்கே பக்கத்து வீடு என்பது மொத்த ஊரும்.

சோலாருக்கும் பெரிய மின்நிலையம்தான் சரி என்று நினைத்த காலத்தில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மார்கஸ் ரியால் வேறுவிதமாக யோசித்தார். வெயில் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவித்தானே விழுகிறது, அதை ஒரே இடத்தில் சேர்த்து, மறுபடி கம்பி வழியே பிரித்துக் கொடுப்பானேன் என்பது அவர் கேள்வி. ஒரு மெகாவாட் நிலையத்துக்குப் பதிலாக, ஜூரிச்சில் 333 வீட்டுக்காரர்களைப் பிடித்து, வீட்டுக்கு 3 கிலோவாட் என்று 1980களின் பின்பாதியில் கூரைகளில் வைத்துக் காட்டினார். நிலத்துக்குத் தனி வாடகை இல்லை; கூரை அங்கேயே இருக்கிறது. 

ஜெர்மனி கட்டிய பில்

வழி தெரிந்துவிட்டது. விலைதான் இன்னும் எட்டவில்லை. இறக்கத்தின் இந்த இடத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. விலை உயர்ந்த மின்சாரம் இயற்கையாக எங்கும் மிச்சமில்லாதபோது, ஒரு நாடு அதைச் சட்டம் போட்டு உண்டாக்கியது.

ஆஹன் என்ற ஜெர்மன் நகரத்தில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வோல்ஃப் ஃபான் ஃபாபெக் என்பவரும் அவர் சங்கத்தாரும் வைத்த கோரிக்கை எளிமையானது: கூரையில் மின்சாரம் செய்கிறவருக்குச் செய்த செலவு திரும்பக் கிடைக்கும் விலையைக் கொடுங்கள், அந்தச் சுமையை ஊரின் எல்லா பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிடுங்கள். 1990களின் நடுவில் அந்த நகரம் யூனிட்டுக்கு 2 மார்க் கொடுக்க ஒப்புக்கொண்டது. மின் நிறுவனத்திடம் வாங்கும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு. ஹெர்மன் ஷீர், ஹான்ஸ் யோசஃப் ஃபெல் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த ஊர்த் திட்டத்தை நாட்டுச் சட்டமாக்கினார்கள். 2000 ஏப்ரல் முதல் கூரையிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 ஃபெனிக், அதாவது யூரோ கணக்கில் 50 சென்ட்டுக்கு மேல், இருபது ஆண்டுகளுக்கு உறுதி.

அதற்கு முன் கூரையில் தகடு வைத்தவரைக் கிறுக்கன் என்றார்கள். இப்போது வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பவேரியாவில் மாட்டுத்தொழுவக் கூரையெல்லாம் நீலமானது. காசைக் கட்டியது யார்? ஒவ்வொரு ஜெர்மன் வீடும். அவர்கள் கரண்ட் பில்லில் அதற்கென்று ஒரு கூடுதல் கட்டணம் சேர்ந்தது. 2014இல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட்டைத் தொட்டது. தகடு வைக்க வழியில்லாத வாடகை வீட்டுக்காரரும் அதில் பங்கு கட்டினார். 2022 ஜூலையில்தான் அந்தச் சுமையை பில்லிலிருந்து எடுத்தார்கள்.

அந்தக் காசைத் தேடிக் கிழக்கிலிருந்து ஆள் வந்தார். ஷி ஜெங்ராங் சீனாவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனவர். சிட்னியில் அவருக்கு வாய்த்த வாத்தியார் மார்ட்டின் கிரீன். சிலிக்கான் செல் பிடித்துக்கொள்ளும் வெயிலின் அளவை உலகச் சாதனைகளாக உயர்த்திக்கொண்டே போனவர். சில ஆண்டுகள் உலகம் முழுக்கத் தயாரான செல்களில் பெரும்பாலானவை அவருடைய கூடத்தில் பிறந்த பெர்க் என்ற வடிவத்தைத்தான் பின்பற்றின. ஷி 2001இல் வூஷி நகரத்தில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனி கேட்கக் கேட்க சீனா செய்தது. 2005இல் சன்டெக் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனதும் ஊரெல்லாம் சோலார் ஆலைகள் முளைத்தன. 2008இல் சிலிக்கானுக்குத் தட்டுப்பாடு வந்து கிலோ 400 டாலரைத் தாண்டியது. உடனே எல்லோரும் சிலிக்கான் உலை கட்ட, சந்தை நிரம்பி வழிந்து விலை தரைக்கு வந்தது. போட்டியில் சன்டெக்கே 2013இல் கடனில் விழுந்தது. ஆலைகள் மட்டும் நிற்கவில்லை.

2024இல் சீன ஆலை வாசலில் ஒரு வாட் தகட்டின் விலை ஏறக்குறைய 10 அமெரிக்க சென்ட். சாப்பின் கணக்குப் போட்ட அதே வீட்டுக்கு அதே அளவு தகடு வாங்க 14,30,000 டாலருக்குப் பதில் இப்போது 500 டாலர் போதும். நடுவில் இருந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கை ஜெர்மன் குடும்பங்கள் தங்கள் கரண்ட் பில்லில் கட்டிவிட்டன.

நம் மாடிக்கு வந்த கதை

தமிழ்நாட்டு மாடிக்கு சோலார் முதலில் வந்தது பில்லுக்குப் பயந்து அல்ல, இருட்டுக்குப் பயந்து. 2011இல் தமிழக அரசு ஏழைகளுக்கு 300 சதுர அடியில் கட்டிக்கொடுத்த பசுமை வீடுகளில் சோலார் விளக்கு இருந்தது. 2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினார்கள். கையில் காசு இருந்தவர்கள் மேலே இரண்டு தகடும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு நெட் மீட்டரிங்குக்கு இங்கேயும் ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்தது. மின்வெட்டு குறைந்ததும் அவசரமும் குறைந்தது. 2022இல் கட்டணம் ஏறியபோது மக்கள் மறுபடி மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்தது: ஒரு கோடி வீடுகள் இலக்கு, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 என்று 78,000 வரை மானியம்.

கணக்கைப் பாருங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு, 2022 அட்டவணைப்படி, பில் 5,550 ரூபாய். சோலார் போக மீதி 420 யூனிட், பில் 1,245. பாதிக்குச் சற்று மேல் யூனிட் குறைந்தது. பணமோ முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. தகடு ஏணியின் உச்சிப்படியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. பத்து ரூபாய் யூனிட், ஒன்பது ரூபாய் யூனிட், எட்டு ரூபாய் யூனிட் எல்லாம் போய், ஐந்நூறு என்ற கோட்டைத் தாண்டியதற்கான அபராதமும் போய்விடுகிறது.

இப்போது 200 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். அதே அட்டவணைப்படி இரண்டு மாத பில் 225 ரூபாய். அந்த வீட்டு மாடியிலும் அதே வெயில்தான் அடிக்கிறது. ஆனால் தகட்டுக்கு அங்கே வேலை இல்லை. போட்ட முதல் அவர்கள் காலத்தில் திரும்பாது. வாடகைக்கு இருப்பவருக்கு மாடி சொந்தமில்லை. அடுக்குமாடியில் இருப்பவருக்கு மாடியில் பங்கு கேட்டால் சங்கக் கூட்டத்தில் சண்டை. ஆக, மாடிக்கு வந்துவிட்டதாக நாம் கொண்டாடும் தகடு எல்லா மாடிக்கும் வரவில்லை. விலை உயர்ந்த மின்சாரம் எரியும் மாடிக்கு மட்டும் வந்திருக்கிறது.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. ஏணியின் முதல் நூறு யூனிட் இலவசம்; அந்தக் காசை அரசு கொடுக்கிறது. கீழ்ப்படிகளின் சுமையில் ஒரு பங்கை மேல்படிக்காரர்களும் கடைகளும் ஆலைகளும் தாங்குகிறார்கள். எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மாடிக்குப் போய்விட்டால், கம்பியையும் கம்பத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் காப்பாற்றும் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். பாகிஸ்தானில் இது கண்முன் நடக்கிறது. அங்கே 2022க்குப் பிறகு கட்டணம் தாங்க முடியாமல் ஏறியது. வசதியுள்ளவர்கள் சீனத் தகடுகளை வாங்கிக் குவித்தார்கள். 2024இல் மட்டும் ஏறக்குறைய 17 கிகாவாட் இறக்குமதி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்நிலையங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையோ குறையவில்லை. கம்பியில் மிஞ்சியவர்கள் அதைப் பங்குபோட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டணம் ஏற ஏறத் தகட்டுக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்கிறது.

ஆறு மணிக்கு மேல்

சோலார் வைத்த வீட்டுக்காரர் முதல் மாதம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மத்தியானம் கரண்ட் போகிறது. மேலே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே ஃபேன் சுற்றவில்லை. “மேலதான் அவ்வளவு கரண்ட் வருதே, அப்புறம் ஏன் போச்சு?” போனதற்குக் காரணம் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன். தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு அவர் கம்பியைத் தொடும்போது, நம் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிர் போகும். அதனால் தெரு அணைந்ததும் மாடியும் தன்னை அணைத்துக்கொள்ளும்படி அந்த இன்வெர்ட்டரைச் செய்திருக்கிறார்கள். ஊரோடு கொடுக்கல் வாங்கல் வைத்த வீடு ஊரோடு சேர்ந்துதான் இருட்டில் உட்கார வேண்டும்.

இருட்டில் உட்கார மனமில்லாதவர் பேட்டரி வைக்கிறார். பேட்டரி விலையும் இப்போது தகடு இறங்கிய அதே படிகளில் இறங்கி வருகிறது. முதலில் கைபேசி, பிறகு கார், இப்போது வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டும்போது தகடு கைவிரித்துவிடுகிறது. மின்வாரியங்களுக்கு அந்த நேரத்து மின்சாரம்தான் இனி விலை உயர்ந்த மின்சாரம். அடுத்த இடம் அது.

ஈரத்தில் கெட்டுப்போன ஒரு பேட்டரிக்கு மாற்றாகப் பெல் ஆய்வகத்தில் பிறந்தது இந்தத் தகடு. வான்கார்டில் பேட்டரி ஊமையான பிறகும் அது பேசியது. கடல் மேடையிலும் கால்குலேட்டரிலும் பேட்டரியைத்தான் துரத்தியது. எழுபது ஆண்டுகள் ஊர் சுற்றிவிட்டு நம் மாடிக்கு வந்து சேர்ந்து, வெயில் சாய்ந்ததும் அது தேடுவது ஒரு பேட்டரியை.